மிளகாய்த்தூள் அணைத்த நெருப்பு

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தைந்து வயது வரை நான் ஒரு சாமானைக்கூட ரிப்பேர் செய்ததில்லை. ஆனால் எங்கள் ஊரில் பாதிச் சாமான்களுக்கு என்ன கோளாறு என்று சொல்லியிருக்கிறேன்.

காரணம், நான் படித்தவன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய், போன காரியத்தை முடித்துத் திரும்பியவர் எவரும் இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். (ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்.) நான் எஞ்சினியரிங் காலேஜில் சேர்ந்த வாரமே, தெருவில் செத்துக் கிடந்த மிக்சி, விக்கல் எடுக்கும் ரேடியோ, நின்றுபோன சுவர்க்கடிகாரம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. நான் நெற்றியைச் சுருக்கிப் பார்ப்பேன். காதருகே வைத்து ஆட்டுவேன். பிறகு, "காயில் போயிருச்சு" என்பேன். கடிகாரத்துக்கும் அதையேதான் சொன்னேன். கொண்டுவந்தவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேச இன்னொரு படித்தவன் வேண்டுமே.

'தெரியாது' என்ற சொல் மட்டும் என் வாயில் வந்ததே இல்லை. நான் படிக்கவேண்டும் என்று அம்மா எத்தனை லட்சம் தீக்குச்சியை அடுக்கியிருப்பாள்? அவ்வளவும் அடுக்கவைத்துவிட்டுத் தெரியாது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

இந்தக் கொள்கையோடுதான் மேற்படிப்புக்கு ஜெர்மனி வந்தேன். எசன் நகரம். செல்போனில் காமிரா வந்துவிட்டிருந்தது. ஆனால் அதில் எடுத்த படத்தில் இருப்பது யார் என்று எடுத்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம். தமிழ்க் கடையில் பச்சை மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர் என் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "தம்பி இந்தியாவோ? என்ன படிக்கிறீர்?" என்றார். சொன்னேன். அடுத்த வாரம் பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர்தான் சிவம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை, எசனுக்கு வந்து பதினெட்டு வருடம். அவர் மனைவி வசந்தி அக்கா, முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். மூன்று அறை வீட்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். வெளியாட்களிடம் பேசும்போது மட்டும் நான் "எங்கட இஞ்சினியர்".

என்னுடைய ஆய்வு எதைப் பற்றி என்று இங்கே சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் என் மானம் போகும் அளவு அதை வைத்துத்தான் தெரியும். காஸில் எரியும் வீட்டுப் பாய்லர்களுக்குள் நெருப்பு எரிகிறதா, இல்லையா என்று அந்தப் பெட்டியே எப்படித் தெரிந்துகொள்கிறது? அதுதான் என் தலைப்பு. எரியும் சுவாலை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடும். சுவாலைக்குள் ஒரு கம்பியை நீட்டி வைத்திருப்பார்கள். அதில் துளி மின்சாரம் ஓடினால், 'சரி, எரிகிறது' என்று பெட்டி நம்பும். ஓடாவிட்டால் எரியவில்லை என்று முடிவுகட்டி, பாதுகாப்புக்காக காஸை மூடிவிடும். இதைத்தான் நான் ஒன்றரை வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாட்டுக்கே நெருப்புக் கொடுத்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு நெருப்பிலேயே பட்டம். ஊருக்குப் போன் பேசும்போது இதைச் சொல்ல நான் மறந்ததே இல்லை.

சிவம் அண்ணன் வீட்டுச் சமையலறைச் சுவரிலும் அப்படி ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. தெர்மே என்பார்கள். குழாயில் வெந்நீர் வருவதும் அறைகளில் ஹீட்டர் சுடுவதும் அதன் தயவில்தான்.

அந்த டிசம்பரில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோரு வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் வந்தது. அன்றைக்குத்தான் துடக்கு, அதாவது தீட்டு, கழித்து, பெயர் வைத்து, தொட்டிலில் போடுவார்கள். ஐயரிடம் சொல்லியாயிற்று. ஐம்பது பேரைக் கூப்பிட்டாயிற்று. உதவிக்கு வர வேண்டிய அக்காவின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கொடுக்கும் பொறுப்பு சிவம் அண்ணனுக்கும் எனக்கும். அதாவது, அக்காவுக்கு ஓய்வே இல்லை. புதன்கிழமை, நாங்கள் இருவரும் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, விருந்துக் கறிகளுக்கென்று மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூளாக்கி வைத்துவிட்டார். நான் மாலையில் திரும்பியபோது தெருமுனையிலேயே தும்மினேன்.

சனிக்கிழமை காலை என் பங்குக்கு நானும் உழைத்தேன். சிவம் அண்ணன் அதிகாலை ஷிப்டுக்குப் போய்விட்டார். தோசைக்கு ஊறவைத்த உளுந்தை அரைக்க வேண்டும். "நீங்க படுங்கக்கா, கிரைண்டரை நான் பாத்துக்கறேன்" என்றேன். கிரைண்டரை நான் அதற்குமுன் தொட்டதே இல்லை. அது சென்னையிலிருந்து யாரோ மடியில் வைத்துக் கொண்டுவந்த மேஜை கிரைண்டர். ஒயர் ஒரு சாண்தான் நீளம். பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் வேறு ஏதோ குத்தியிருந்தது. உருவிப் போட்டுவிட்டு கிரைண்டரைக் குத்தினேன். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. (ஒரு சொம்பு கொஞ்சம்தானே.) மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததில் கண்ணாடி, புருவம், காதுமடல் வரை உளுந்து. அரைத்து முடித்து, கழுவாத கையோடு உருவியதைத் திரும்பக் குத்தி, மாவுப் பானையைக் கூடத்து ஹீட்டருக்கு அருகில் வைத்தேன். ஜெர்மனிக் குளிரில் மாவு பொங்க வேறு வழியில்லை.

பதினொரு மணிக்கு அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "தம்பி, ஹைட்சுங்கை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. ஐஸ் மாதிரிக் கிடக்கு."

தொட்டேன். ஹீட்டர் ஐஸ் மாதிரித்தான் கிடந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் தெர்மேயில் சிவப்பு விளக்கு. பொத்தானை அமுக்கினேன். டிக் டிக் டிக் என்றது. சின்னக் கண்ணாடி ஓட்டைக்குள் நீலமாக நெருப்புப் பற்றியது. நான் அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். எட்டு எண்ணுவதற்குள் நெருப்பு போய்விட்டது. மறுபடி டிக் டிக். மறுபடி நீலம். மறுபடி இல்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு சிவப்பு விளக்கு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிரால் இல்லை. பற்றுகிறது, ஆனால் பற்றியது பெட்டிக்குத் தெரியவில்லை. இது என் ஆய்வின் மூன்றாம் அத்தியாயம். ஒரு டாக்டர் தன் வாழ்நாள் முழுக்கப் படித்த நோய் தன் வீட்டுக்கே வந்தால் எப்படிச் சந்தோஷப்படுவாரோ (நல்ல டாக்டர்கள் மன்னிக்கவும்) அப்படிச் சந்தோஷப்பட்டேன்.

சிவம் அண்ணன் இரண்டு மணிக்கு வந்தார். பெட்டியின் அடியில் ரிப்பேர் கம்பெனி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். "நம்பர் போட்டிருக்கு. ஒருக்கா அடிச்சுச் சொல்லுவமோ? நாளைக்குச் சனம் வருகுது."

"அண்ணே, இது ப்யூர் இக்னிஷன் ப்ராப்ளம். ஃப்ளேம் டிடெக்ஷன். என் தீசிஸே இதுதான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவிடம் திரும்பினார். "கேட்டனீரே? வீட்டுக்குள்ள இஞ்சினியரை வைச்சுக்கொண்டு வெளியால ஆளைக் கூப்பிட்டா சனம் சிரிக்கும்."

"ஓம், சிரிக்கட்டும். பிள்ளைக்குக் குளிருது" என்றார் அக்கா.

"ஒரு மணி நேரங்க்கா" என்றேன் நான்.

தெர்மேயின் கையேடு ஒரு பிளாஸ்டிக் உறையில் தொங்கியது. எடுத்து, அகராதியோடு உட்கார்ந்தேன். கடைசியில் கோளாறு அட்டவணை. முதல் வரிசையில், பிளக் குத்தியிருக்கிறதா என்று பார்க்கவும் என்று தொடங்கி இரண்டு மூன்று வரி ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், படிக்காதவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள். பிளக்கை ஓரக்கண்ணால் பார்த்தேன், குத்தித்தான் இருந்தது. பென்சிலால் டிக் போட்டுவிட்டு, மிச்ச வரிகளை வாசிக்காமல், நேராக ஏழாம் வரிசைக்குப் போனேன். சுவாலைக்குள் நீளும் கம்பியில் அழுக்குப் படிந்தால் மின்சாரம் ஓடாது. அதுதான். அதுவேதான்.

'வீட்டில் இருப்பவர்கள் மூடியைத் திறக்கக் கூடாது' என்றும் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதுவும் படிக்காதவர்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு திருகைக் கழற்றி மூடியை இறக்கினேன். கம்பி தெரிந்தது. அழுக்கா, நிழலா என்று சொல்ல முடியாத ஒரு கருமை. மூக்கை அருகில் கொண்டுபோனேன். காரம். தும்மல் வந்தது. இரண்டும் இரண்டும் நாலு.

சமையலறை நடுவில் நின்று நான் தீர்ப்புச் சொன்னேன். "புதன்கிழமை வறுத்த தூள்தாண்ணே. அந்த எண்ணெய்ப் புகை போய் எலக்ட்ரோட்ல கோட்டிங் மாதிரி படிஞ்சிருக்கு. அதான் கரண்ட் பாஸ் ஆகல."

(இந்த இடத்தில் நான் ஒரு காகிதத்தில் படமும் வரைந்து காட்டினேன். மிளகாய்க்கு ஒரு வட்டம், அம்புக்குறி, கம்பி.)

சிவம் அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நான் சொன்னனான் எல்லே, உந்த நேரத்தில தூள் வறுக்க வேண்டாமெண்டு. கேட்டனீரே?"

"அப்ப நாளைக்கு வாற சனத்துக்கு என்னத்தைப் போட்டுக் கறி வைக்கிறது?"

"இப்ப பாரும். பத்துது, பத்தின உடனே நூந்து போகுது. உம்மட தூளால." (அவர்கள் பேச்சில் நெருப்பு அணையாது, நூந்து போகும்.)

"பதினோரு வருசமா இந்தக் குசினியிலதான் வறுக்கிறன். அப்பவெல்லாம் நூரேல்லையே?"

நல்ல கேள்வி. ஒரு ஆராய்ச்சி மாணவன் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். நான், "அது அக்யூமுலேஷன்க்கா. கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து வந்திருக்கும்" என்றேன்.

அக்கா குழந்தையை இன்னொரு போர்வையில் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். பதினோரு வருடம் தான் வறுத்த தூள், பதினோரு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையை இன்றைக்குக் குளிரில் போட்டுவிட்டது என்று நான் படம் போட்டு நிரூபித்திருக்கிறேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கம்பியைச் சுரண்ட எதைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் நகம் தேய்க்கும் அரத்தைக் கேட்டு வாங்கினேன். வாங்கியது கதவிடுக்கு வழியாக. சுரண்டினேன், ஊதினேன், அதே நாலு திருகைப் பூட்டினேன், பொத்தானை அமுக்கினேன். டிக் டிக் டிக். நீலம். சிவம் அண்ணன் எண்ணினார். "...ஆறு, ஏழு, எட்டு. நூந்திட்டுது."

இரண்டாவது தடவை சுரண்டினேன். நூந்திட்டுது. மூன்றாவது தடவை அவர் ஐந்தாம் எண்ணிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பெருமூச்சுக்குத் தயாரானார்.

நான் கொள்கையை மாற்றினேன். "காஸ் ப்ரஷர் கம்மியா வருதுண்ணே. இந்தக் குளிருக்கு ஊரே ஹீட்டர் போட்டிருக்கும். எல்லாரும் இழுத்தா நமக்கு எங்கேர்ந்து வரும்?" எங்கள் ஊர்த் தெருக்குழாய் அனுபவத்தை அப்படியே எசனுக்குப் பொருத்தினேன்.

உறுதிப்படுத்த இருவரும் கீழ்வீட்டுக்குப் போய் மணி அடித்தோம். அங்கே தனியாக இருந்த வயதான ஜெர்மன் அம்மாள் கதவைத் திறந்தார். கையில்லாத சட்டை. கையில் ஐஸ்கிரீம் கிண்ணம். உள்ளிருந்து வந்த வெப்பத்தில் என் கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டது. எதற்கு வந்தோம் என்று கேட்டார். "சும்மா, நலமா என்று பார்க்க வந்தோம்" என்றேன். அவர் அதில் நெகிழ்ந்துபோய் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார். படியேறி வரும்போது சிவம் அண்ணன் சாக்லேட்டைத் தின்றுகொண்டே, "பிரசர் இருக்கும் போல கிடக்கு" என்றார்.

மேலே வந்தால் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூட்டைகள். ஒன்றில் குழந்தை. மற்றொன்றில் மாவுப் பானை. இரண்டையும் அக்கா ஒரே மாதிரிப் போர்வையால் சுற்றியிருந்தார். இரண்டில் ஒன்றுதான் அழுதது. மற்றது பொங்க வேண்டும், பொங்கவில்லை. அக்கா கம்பளிக் குல்லாவோடு டெலிபோனைக் காதில் வைத்து, ஸ்டிக்கரைப் பார்க்காமலே ஜெர்மனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். நம்பரைக் காலையிலேயே மனப்பாடம் செய்துவைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஆள் வருகுது. ஒரு மணித்தியாலத்தில."

நான் ஒருவிதத்தில் நிம்மதியடைந்தேன். என் கண்டுபிடிப்பை இன்னொரு தொழில் தெரிந்தவர் முன்னால் வைக்கலாம் அல்லவா?

ஐந்து மணிக்கு வந்தார். ஹெர் நோவாக். ஐம்பது வயது, கதவளவு அகலம், கையில் ஒரு கருவிப் பெட்டி. சமையலறைக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார். நான் உடனே தொடங்கினேன். என் ஜெர்மன் அப்போது புத்தக ஜெர்மன். முழு வாக்கியமாக வரும், நிறுத்தத்தான் தெரியாது. சுவாலையில் ஓடும் மின்சாரம், எண்ணெய்ப் புகை, கம்பியில் படிந்த படலம், மிளகாய். படத்தையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல வாசனை. என்ன சமைக்கிறீர்கள்?" என்று அக்காவைக் கேட்டார். பிறகு என்னைக் கேட்டார்: "நேற்று எரிந்ததா?"

"எரிந்தது."

"இன்று காலை?"

"காலையில் எழுந்தபோது சூடாக இருந்தது."

"அது நின்றுபோவதற்கு முன்னால் யாராவது இதில் கை வைத்தீர்களா?"

"இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்து நான் உண்மையைத்தான் சொன்னேன்.

ஹெர் நோவாக் தன் பெட்டியைத் திறக்கவில்லை. தெர்மேயின் மூடியைத் தொடவில்லை. கண்ணாடி ஓட்டை வழியாக நெருப்பு வந்து போவதை ஒரே ஒரு தடவை பார்த்தார். குனிந்தார். தெர்மேயிலிருந்து வரும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய், பிளக்கைப் பிடித்து உருவினார். அரைச் சுற்றுத் திருப்பினார். மறுபடி குத்தினார். பொத்தானை அமுக்கினார்.

டிக் டிக் டிக். நீலம்.

சிவம் அண்ணன் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினார். எட்டு. ஒன்பது. பத்து. இருபத்திரண்டில் நிறுத்திவிட்டார். குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை.

அவர் விளக்கினார். இந்தப் பழைய மாடலுக்கு மின்சாரம் பிளக்கின் இரண்டு முனைகளில் எதன் வழியாக வருகிறது என்பது முக்கியம். மாறி வந்தால் நெருப்புப் பற்றும். ஆனால் பற்றியதை அறியும் துளி மின்சாரம் ஓடாது. எங்கள் ஊர் மூணு பின் பிளக்கை ஒரு பக்கமாகத்தான் குத்த முடியும். அதற்கு மேல் கீழ் என்று ஒன்று இருக்கிறது. ஜெர்மன் பிளக் உருண்டை. எப்படித் திருப்பிக் குத்தினாலும் சமர்த்தாக உள்ளே போகும். பிளக்குக்கு இரண்டு பக்கம் உண்டு என்று என் இருபத்தைந்து வருட வாழ்க்கையில் எனக்குத் தோன்றியதே இல்லை. என் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த மின்சாரத்துக்கு ஒன்பது சமன்பாடு இருந்தது. பிளக் இல்லை.

"அப்போ யாரோ இதைக் கழற்றியிருக்கிறார்கள்" என்றார் ஹெர் நோவாக். பிளக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதன் மேல் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. "இது என்ன?"

அக்கா கிட்டே வந்தார். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிளக்கின் இரண்டு பக்கமும் காய்ந்த மாவில் ஒரு கட்டைவிரலும் ஒரு சுட்டுவிரலும் அச்சுப்போல் பதிந்திருந்தன.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"காலமை உளுந்து அரைச்சது ஆர்?"

எனக்கு முழுதும் ஞாபகம் வந்தது. கிரைண்டர், ஒரு சாண் ஒயர், உருவிப் போட்ட ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றைத்தான் நான் மத்தியானம் ஓரக்கண்ணால் பார்த்து டிக் போட்டேன்.

"நான்தாங்க்கா."

ஹெர் நோவாக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பெட்டியை அடுக்குவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பிறகு மூடியில் நக அரத்தின் கீறல்களைக் கண்டதும் குலுங்குவது நின்றது. திறந்து, கம்பியைச் சோதித்து, காஸ் கசிகிறதா என்று கருவியை வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்றான பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "காஸ் பொழுதுபோக்கு இல்லை. ஸ்டிக்கரில் நம்பர் போட்டிருப்பது அழகுக்கு இல்லை." கோட்டுப் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து, பிளக்கின் மேல் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டார். படிக்காதவர்களுக்காக.

அவர் போன பிறகு சிவம் அண்ணன் என் படத்தை மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்தார். அக்காவிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஹீட்டரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேர்," என்றார் கடைசியில். "தூளில பிழையில்லை."

"அது எனக்குப் புதன்கிழமையே தெரியும்" என்றார் அக்கா.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலம், தமிழ், அவர்களிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழ் எல்லாம் கலந்து கேட்டேன். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார். அவருக்குக் கோபம் இருந்தது; அதை மறைக்கவும் இல்லை.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ? 'எனக்குத் தெரியேல்லை அக்கா' எண்டு மத்தியானம் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, பிள்ளை மூண்டு மணித்தியாலம் குளிரில கிடந்திருக்காது. நானும் இவரிட்டப் பேச்சு வாங்கியிருக்க மாட்டன். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் நோகுமோ?"

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். உதட்டோரம் அசைந்தது. "ம். வருகுது. இப்பத்தான் வருகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை வீடு கதகதவென்று இருந்தது. மாவு பொங்கிப் போர்வையையும் தாண்டி வழிந்திருந்தது. குழந்தைக்கு வெந்நீர் வார்த்தார்கள், ஐயர் வந்தார், பெயர் வைத்தார்கள்: மதுரா. ஐம்பது பேரும் அந்தத் தூளில் வைத்த கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு நடுவே சிவம் அண்ணன் ஒவ்வொருவராகச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்புக்குறியைக் காட்டினார். வெளியே வந்த ஒவ்வொருவரும் என் கட்டைவிரலைப் பார்த்தார்கள். ஐயர்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெயர் வைத்த சடங்கைவிட அதற்குத்தான் கூட்டம் அதிகம் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்தக் கோடையில் என் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. கடைசியாகப் பேராசிரியர் கேட்டார், வீடுகளில் இந்தச் சமிக்ஞை கிடைக்காமல் போக நடைமுறையில் என்ன காரணங்கள் இருக்கலாம் என்று. "முதலில் பிளக்கைத் திருப்பிக் குத்திப் பார்க்க வேண்டும்" என்றேன். அவருக்கு மிகுந்த சந்தோஷம். "இதை எந்த மாணவரும் சொன்னதில்லை. எங்கே படித்தீர்கள்?" என்றார். கையேட்டில் முதல் வரிசையில் இருக்கிறது என்று சொன்னேன். அதை நான் எப்போது வாசித்தேன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த கேள்வி கேட்டார். அதற்கு, "தெரியாது" என்றேன். வாய் நோகவில்லை.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். கல்யாணமாகிவிட்டது. வீட்டில் மிக்சி ஓடாவிட்டால் என் மனைவி என்னிடம் கேட்பதில்லை, எசனுக்குப் போன் போட்டு அக்காவிடம் சொல்வாள், அக்கா அங்கிருந்து, "தம்பி தொட்டவரோ?" என்று விசாரணையைத் தொடங்குவார். ஒவ்வொரு டிசம்பரிலும் மதுராவின் பிறந்தநாள் கேக்கோடு சேர்ந்து சிவம் அண்ணன் அந்தப் படத்தை, மிளகாய் வட்டமும் அம்புக்குறியும் போட்ட அதே காகிதத்தை, வெளியே எடுத்து விரிப்பார். மடிப்பில் கிழிந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

வருடத்துக்கு ஒருதடவை அக்கா தூள் வறுப்பார். ஒரு பொட்டலம் எனக்குத் தபாலில் வரும். அதன் மேல் எப்போதும் ஒரே வரி எழுதியிருக்கும். முன்பெல்லாம் அக்காவின் கையெழுத்து. இந்தத் தடவை எழுத்து வேறாக இருந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற குண்டு குண்டான எழுத்து, கோட்டை விட்டு மேலும் கீழும் போகிறது. அன்றைக்குப் போர்வைக்குள் அழுதவளின் எழுத்து:

'மாமா, இதால ஒரு நெருப்பும் நூரேல்லை.'

கீழே, சிவப்பு மார்க்கரில், பொட்டலத்தை எந்தப் பக்கம் மேலே வைத்துத் திறக்க வேண்டும் என்று ஒரு அம்புக்குறி.